முதியோரும் மழலையரும் வாரந்தோறும் கூடும் வழக்கத்தை அமைப்பது எப்படி?

நம் ஊர்களில் குழந்தைகளை முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பிறந்தநாள், குழந்தைகள் தினம், பொங்கல் என்று ஏதேனும் ஒரு நாளில் வண்டி வந்து நிற்கும். பாட்டு, நடனம், கேக், சாப்பாட்டுப் பொட்டலம், எல்லாரும் சேர்ந்து ஒரு படம் என்று ஒரு மணி நேரம் கழியும். பிறகு வண்டி கிளம்பிவிடும். கொடுப்பவர்களின் மனத்தில் குறையில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் முதியவருக்கு இருந்த வேலை கைதட்டுவதும் வாங்கிக்கொள்வதும் மட்டுமே. வந்த குழந்தைக்கு அவர் பெயர் தெரியாது. அடுத்த வாரம் அது வரப்போவதும் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாததால் மட்டும் தனிமை வருவதில்லை. தன்னை எதிர்பார்த்து எவரும் இல்லை, தன்னால் ஆக வேண்டிய காரியம் எதுவும் மிச்சமில்லை என்ற எண்ணத்தால் வருகிறது. முப்பது கட்டில்கள் போட்ட கூடத்திலும் அது குறையாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரு நாள் நிகழ்ச்சிக்கானது அன்று. அதே குழந்தைகள், அதே முதியோர், வாரத்தின் அதே நாள், ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பொறுப்பு என்ற நான்கையும் விடாமல் ஓர் ஆண்டு நடத்துவதற்கான வழிகாட்டி. அங்கன்வாடிப் பணியாளர், மழலையர் பள்ளி நடத்துபவர், முதியோர் இல்லப் பொறுப்பாளர், குடியிருப்போர் சங்கத்தார், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகிய எவரும் இதைத் தொடங்கலாம்.

பிற இடங்களில் நடந்திருப்பது

டோக்கியோவின் எடோகாவா பகுதியில் உள்ள கோட்டோயென் நிறுவனம் 1976இலேயே முதியோர் இல்லத்தோடு மழலையர் பள்ளியையும் நடத்தத் தொடங்கியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிராவிடன்ஸ் மவுன்ட் செயின்ட் வின்சென்ட் என்ற முதியோர் இல்லத்துக்குள் 1991 முதல் குழந்தைகள் காப்பகம் இயங்குகிறது. லண்டனில் நைட்டிங்கேல் ஹவுஸ் என்ற இல்லத்தின் வளாகத்தில் 2017இல் ஒரு மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டி என்ற அடுக்குமாடி வளாகத்தில் மூத்தோருக்கான வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதன்று. சத்துணவுத் திட்டம் 1982இல் தொடங்கி, அடுத்த ஆண்டே முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. குழந்தைகளுக்குச் சமைத்த அதே அடுப்பிலிருந்து முதியோருக்கும் சோறு போயிற்று. ஆதரவற்ற முதியோரையும் குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் தங்கவைக்கும் ஒருங்கிணைந்த இல்லங்களையும் அரசு பல மாவட்டங்களில் ஏற்படுத்தியிருக்கிறது. தேவையும் கண்ணெதிரே உள்ளது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவர். உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

படி 1: நடந்து போகும் தூரத்தில் இணையைத் தேடுங்கள்

வாகனம் தேவைப்படும் ஏற்பாடு நீடிக்காது. ஓட்டுநர் வராத நாள், டீசலுக்குப் பணம் இல்லாத மாதம் என்று இரண்டு முறை தடைபட்டால் பழக்கம் அறுந்துவிடும். எனவே மூன்று, நான்கு வயதுக் குழந்தை பத்து நிமிடத்தில் நடந்து சேரக்கூடிய தொலைவில் இரண்டு இடங்களைக் கண்டுபிடியுங்கள். அருகில் முதியோர் இல்லம் இல்லை என்றால் தேடலை அங்கேயே நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, வீட்டில் தனியாக வாழும் முதியோர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அருகிலேயே ஓர் அங்கன்வாடியும் இருக்கக்கூடும்.

யார் யாரிடம் போவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நடக்க முடிந்த முதியவர் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் போவதே நல்லது. குளித்து, வெளுத்த துணி உடுத்தி, இன்ன நேரத்துக்கு இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று கிளம்புவதே அவருக்குப் பாதி மருந்து. படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருப்பவர்களிடம் மட்டும் குழந்தைகள் போகட்டும். முதியோர் வரும் இடத்தில் தரைத்தளக் கழிப்பறையும், சுவரில் பிடிமானமும், உட்கார்ந்து எழக் கைப்பிடி உள்ள நாற்காலியும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கழிப்பறை வசதி இல்லாத இடத்துக்கு இரண்டாம் முறை வர மாட்டார்கள். காரணத்தையும் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

படி 2: அனுமதியும் பாதுகாப்பும்

அங்கன்வாடி என்றால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், முதியோர் இல்லம் என்றால் அதன் நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்; அதேபோல ஒவ்வொரு முதியவரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்க வேண்டும். இல்லப் பொறுப்பாளர் தலையாட்டியதை முதியவரின் சம்மதமாகக் கொள்ளக் கூடாது.

பாதுகாப்பு விதிகளைத் தயக்கமின்றி முதல் நாளே எல்லார் முன்பும் சொல்லிவிடுங்கள். எந்தக் குழந்தையும் எந்தப் பெரியவருடனும், அவர் முதியவரானாலும் தன்னார்வலரானாலும், பிறர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. கதவுகள் திறந்தே இருக்கும். கழிப்பறைக்குக் குழந்தையை அழைத்துச் செல்வது அதன் பணியாளர் மட்டுமே. மடியில் உட்காருவதும் முத்தம் கொடுப்பதும் குழந்தை தானாக நாடினால் அன்றி இல்லை. இதை முதியோரைச் சந்தேகிப்பதாக எவரும் எடுத்துக்கொள்ளாதபடி, எல்லாருக்கும் ஒரே விதி என்று விளக்கினால் போதும். குழந்தைகள் உதவி எண் 1098, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். படம் எடுப்பதை முதல் இரண்டு மாதங்களுக்குத் தவிர்ப்பது நல்லது. கைப்பேசி வெளியே வந்தவுடன் எல்லாரும் படத்துக்காக நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

படி 3: நோய்த்தொற்று

அஞ்ச வேண்டியது இரு பக்கமும் உண்டு. குழந்தைக்கு இரண்டு நாளில் போய்விடும் சளிக்காய்ச்சல், நீரிழிவும் இளைப்பும் உள்ள எழுபத்தைந்து வயதுக்காரருக்கு நுரையீரல் அழற்சியாக மாறலாம். ஆகவே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகாத குழந்தையும், வாந்தி பேதி நின்று இரண்டு நாள் ஆகாத குழந்தையும் அந்த வாரம் வரக் கூடாது. சின்னம்மையும் கை கால் வாய்ப் புண் நோயும் பரவும் காலத்தில் சந்திப்பையே தள்ளிவைக்கலாம்.

முதியோரிடமிருந்து குழந்தைக்கு வரக்கூடியதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள முதியவர், அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகச் செய்யும் சளிப் பரிசோதனையை முடித்து, காசநோய் இல்லை என்று உறுதியான பிறகே சேர வேண்டும். அக்கிக் கொப்புளம் உள்ளவர் அது காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வரக் கூடாது. அந்த நீரிலிருந்து குழந்தைக்குச் சின்னம்மை தொற்றும், சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவச அட்டவணையிலும் இல்லை. சிரங்கு இருந்தால் இல்லம் முழுவதற்கும் சிகிச்சை முடிந்த பிறகே தொடங்குங்கள். வந்தவுடனும் கிளம்பும்போதும் அனைவரும் சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவுவது கட்டாயம்.

படி 4: முதியோரிடம் முன்கூட்டிப் பேசுங்கள்

வயதானவர்களுக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது எல்லாருக்கும் பொருந்தாது. சத்தம் தாங்காதவர் உண்டு. பேரக்குழந்தையைப் பார்க்க முடியாத ஏக்கம் கிளறப்பட்டு அழுபவர் உண்டு. வாழ்நாள் முழுதும் பிள்ளை வளர்த்து ஓய்ந்து, இனி வேண்டாம் என்பவரும் உண்டு. வர மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதற்கும் இடம் கொடுங்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர் தானாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வருவது இயல்பாக நடக்கும்.

ஒவ்வொருவரிடமும் தனியே அமர்ந்து பேசி, முன்பு என்ன வேலை செய்தார், கை இன்னும் எதைச் செய்யும், எந்த நேரத்தில் உடல் தெளிவாக இருக்கிறது, என்ன பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை அப்பத்தா என்றும் மற்றவரை ஆச்சி என்றும் இன்னொருவரை டீச்சர் என்றும் குழந்தைகள் அழைக்கட்டும். தையல்காரர், கொத்தனார், தபால்காரர், நெசவாளி, சத்துணவு ஆயா என அவர் பார்த்த தொழிலிலிருந்துதான் பின்னால் அவருக்கான பொறுப்பு கிடைக்கும்.

அதே அமர்வில் சில பழக்கங்களையும் மென்மையாகச் சொல்லிவிட வேண்டும். கன்னத்தைக் கிள்ளுவது, நிறத்தையும் பருமனையும் சொல்லிக் கேலி செய்வது, பூச்சாண்டி காட்டி அடக்குவது, ‘அப்பாவைப் பிடிக்குமா அம்மாவைப் பிடிக்குமா’ என்று சங்கடப்படுத்துவது, இந்தப் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு ஒப்பிடுவது ஆகியவை அன்பின் பேரில் வரும் பழக்கங்கள்தான். ஆனால் குழந்தை ஒதுங்கிப்போவது இவற்றால்தான். ‘கிள்ளாதீங்க’ என்று பத்துப் பேர் நடுவில் திருத்தினால் அவர் அடுத்த வாரம் வர மாட்டார் என்பதால், முன்கூட்டியே தனியாகச் சொல்லுங்கள்.

சாதியைப் பற்றியும் இங்கேயே பேசியாக வேண்டும். யார் கொடுத்த தண்ணீரை யார் குடிப்பது, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்காருவது என்ற கணக்கு சில ஊர்களில் எழும். அதற்கு ஒரு சிறிய இடம் கொடுத்தாலும் குழந்தை அதை அன்றே கற்றுக்கொள்ளும். ஒரே பானைத் தண்ணீர், ஒரே பாய், சீட்டுக் குலுக்கி இணை என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். அதற்கு உடன்படாதவர், எவ்வளவு தனிமையில் இருந்தாலும், சேர வேண்டியதில்லை.

படி 5: குழந்தைகளைத் தயார்செய்யுங்கள்

குழந்தைகளுக்குத் தேவை நேரான விளக்கம். தோல் ஏன் சுருங்கியிருக்கிறது, பல் ஏன் இல்லை, கை ஏன் நடுங்குகிறது, சொன்னதையே ஏன் திரும்பச் சொல்கிறார் என்று அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ‘வயதானால் நரம்பு தளர்ந்து கை ஆடும், வலிக்காது, உன்மேல் ஒட்டிக்கொள்ளாது’ என்று சொன்னால் நான்கு வயதுக்கு அது போதும். கைத்தடி, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை முன்வாரமே வகுப்பில் வைத்துத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

பேசும் முறையையும் விளையாட்டாகப் பழக்க வேண்டும். முதுமையில் முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். குழந்தையின் குரலோ அந்த வகையைச் சேர்ந்தது. எனவே தாத்தா பதில் சொல்லவில்லை என்றால் கோபமாக இருக்கிறார் என்று பொருளில்லை. முன்னால் வந்து நிற்பது, கையைத் தொடுவது, முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்வது என்ற மூன்றையும் குழந்தைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

படி 6: நேரம், இடம், எண்ணிக்கை

காலை பத்தே காலிலிருந்து பதினொன்று வரை உள்ள நேரமே பெரும்பாலும் பொருத்தமானது. காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடிந்து, மூட்டுகளின் காலை இறுக்கம் தளர்ந்திருக்கும். குழந்தைகளுக்கும் பசியோ தூக்கமோ வந்திராது. மாலையைத் தவிர்த்துவிடுங்கள், மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும்போது குழப்பமும் பதற்றமும் கூடும்.

ஆறு முதியோர், ஆறு குழந்தைகள், கண்காணிக்க மூன்று பெரியவர்கள் என்பதே தொடக்கத்துக்குப் போதும். முப்பது குழந்தைகளை ஒரு கூடத்தில் விட்டால் காது கேட்கும் கருவி அணிந்தவருக்கு அது தண்டனை. அந்தக் கருவி எல்லா ஓசையையும் கூட்டிவிடும். தகரக் கூரையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும் என்பதால், மரத்தடியோ திண்ணையோ கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கோரைப்பாய் விரித்து எல்லாரையும் உட்காரவைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர் எழ முடியாமல் தவிப்பார். முதியவர் நாற்காலியில், குழந்தை உயரமான முக்காலியில், நடுவே ஒரு மேசை என்றால் இருவர் கண்களும் நேருக்கு நேர் வரும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுப் பக்கம் அன்று.

படி 7: முதியவரின் கையில் வேலையைக் கொடுங்கள்

இந்த முயற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குழந்தைகள் ஆடிக்காட்ட முதியோர் பார்ப்பது என்ற பழைய ஏற்பாட்டை முழுவதுமாகத் திருப்பிப் போட வேண்டும். ஒவ்வொரு செயலையும் தேர்ந்தெடுக்கும் முன், இதில் முதியவர் இல்லாவிட்டால் குழந்தையால் செய்ய முடியாதது என்ன என்று கேட்டுப் பாருங்கள். விடை இல்லை என்றால் அந்தச் செயலைக் கைவிடுங்கள்.

பூத் தொடுப்பது மிகச் சிறந்த தொடக்கம். குழந்தை இரண்டிரண்டு பூவாக எடுத்து நீட்ட, பாட்டி வாழைநாரில் முடிச்சிடுவார். பேச்சு வராதவரும் இதைச் செய்யலாம். பார்வை மங்கியவரின் விரல்களும் இதை மறப்பதில்லை. பட்டாணி, மொச்சை உரிப்பது, கீரை ஆய்வது, பனையோலையில் காற்றாடி செய்வது, உழக்கால் அரிசி அளந்து எண்ணுவது, விடுகதை போடுவது எல்லாம் இதே வகை. ஐந்து வயதை நெருங்கிய பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி நல்ல கணக்குப் பாடம். பதினான்கு குழிகளிலும் காயைப் பிரித்துப் போட்டுக்கொண்டே எண்ணும்போது, தவறினால் தட்டிச் சொல்லும் ஆள் எதிரிலேயே இருக்கிறார். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருக்கும் இடத்தில் மட்டும் புளியங்கொட்டை, சோழி, நிலக்கடலை எதுவும் இருக்கக் கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும்.

எல்லாவற்றிலும் நான் முதலிடம் தருவது தொட்டியில் வெந்தயக் கீரை விதைப்பதற்கு. குழந்தை விதைக்கும், சில நாளில் முளைவிடும், அடுத்த சந்திப்பில் இருவரும் குனிந்து பார்ப்பார்கள், மூன்று நான்கு வாரத்தில் பறித்துவிடலாம். இடைப்பட்ட ஆறு நாளும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு முதியவருடையது. தனிமை கடுமையாக இருப்பது குழந்தை வராத அந்த ஆறு நாட்களில்தான் என்பதை மறந்துவிட்டு, வரும் நாளை மட்டுமே அலங்கரிக்கும் திட்டங்கள் பயன்படுவதில்லை. தொட்டியில் குழந்தையின் பெயரை எழுதி வையுங்கள். தையல் தெரிந்தவரிடம் பொம்மைச் சட்டைக்குத் துணியும், தச்சரிடம் மணற்காகிதம் தேய்க்க வேண்டிய மரக்கட்டையும் விட்டுச் செல்வதும் இதற்காகவே.

இன்னொரு எளிய பொறுப்பு வருகைப் பதிவு. ஒவ்வொரு வாரமும் ஒரு முதியவர் பெயர்களை உரக்கப் படித்து, ‘உள்ளேன்’ என்ற குரல் வந்ததும் குறியிடட்டும். படிக்கத் தெரியாதவருக்குக் குழந்தைகளின் படம் ஒட்டிய அட்டை போதும். இரண்டு மாதத்தில் எல்லாப் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கும்; வராத பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அவரே கேட்பார்.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். முதியோரைச் சம்பளமில்லாத ஆயாவாக மாற்றிவிடக் கூடாது. குழந்தைக்குச் சோறூட்டுவது, தூக்கிச் சுமப்பது, அழும் பிள்ளையை அடக்குவது பணியாளரின் வேலை.

படி 8: முதல் நான்கு வாரங்கள்

முதல் வாரம் இருபது நிமிடம் போதும். பெரும்பாலும் மௌனமும் வெறித்த பார்வையுமாகவே கழியும். பாட்டுப் போட்டோ ஒலிபெருக்கி வைத்தோ அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள். இரண்டாம் வாரம் அதே இணை, அதே செயல். மூன்றாம் வாரத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை நீட்டலாம். ஓர் இணை சற்றும் ஒட்டவில்லை என்றால் நான்காம் வாரத்துக்குப் பிறகு மாற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் தொடங்கி ஒரே விதமாக முடியுங்கள். கிளம்பும்போது குழந்தை தன் இணையிடம் போய், ‘வர்ற வியாழக்கிழமை வரேன்’ என்று நாளைச் சொல்லி விடைபெறப் பழக்குங்கள். சொன்ன நாளில் வர முடியாமல் போனால் முதல் நாளே ஆள் அனுப்பித் தெரிவிப்பது அமைப்பாளரின் கடமை. காத்திருந்து ஏமாறுவது பழகிப்போன மனிதர்களுக்கு இன்னோர் ஏமாற்றத்தை நாம் தரக் கூடாது.

படி 9: மறதி நோய் உள்ளவர்கள்

இவர்களை விலக்கிவைக்க வேண்டாம். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி குழந்தைகளுக்காக வகுத்த முறையை, அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் 1990களில் மறதி நோயாளிகளுக்கு ஏற்ப மாற்றினார். அவர்களில் சிலர் மழலையருக்கு மாண்டிசோரிப் பாடங்களைக் கற்பிக்கவும் முடிந்தது. துவரையையும் மொச்சையையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிரிப்பது, செம்பிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் ஊற்றுவது, துணி மடிப்பது போன்ற கைவேலைகளின் நினைவு, பெயர்களும் தேதிகளும் மறைந்த பிறகும் நெடுநாள் தங்கியிருக்கும். ‘நான் யார் தெரியுதா’ என்று அவரைச் சோதிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். குழந்தை தன் பெயரைச் சொல்லியபடியே வரட்டும். ஆத்திரமோ கை ஓங்குதலோ உள்ள கட்டத்தில் இருப்பவரை மட்டும், மருத்துவர் சொல்லும்வரை, குழந்தைகளோடு சேர்க்க வேண்டாம். சாப்பிடாமல், தூங்காமல், எதிலும் நாட்டமின்றி வாரக்கணக்கில் இருப்பவருக்கும் முதலில் தேவை மருத்துவர். குழந்தையின் வருகை மனச்சோர்வுக்கு மாற்று மருந்தாகாது.

படி 10: பிரிவும் இறப்பும்

ஓர் ஆண்டில் ஒரு முதியவரேனும் இறக்கக்கூடும். அன்று குழந்தைகளிடம் என்ன சொல்வது என்பதைப் பெற்றோரோடு தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்யுங்கள். ‘தூங்குகிறார்’ என்று சொன்னால் குழந்தை தூங்க அஞ்சும். ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்றால் திரும்பி வருவாரெனக் காத்திருக்கும். ‘ஆச்சி இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வர மாட்டார், நமக்கு வருத்தமாக இருக்கிறது’ என்று உண்மையையே எளிய சொற்களில் சொல்லுங்கள். அவர் நாற்காலியில் குழந்தைகள் ஒரு பூவை வைக்கலாம். மற்ற முதியோருக்கும் அந்தச் செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எதிர்த்திசைப் பிரிவு ஆண்டுதோறும் தவறாமல் வரும். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். அதை முதியவர் திடீரென்று அறியும்படி விடாமல், மார்ச் மாதத்திலிருந்தே பேச்சில் கொண்டுவாருங்கள். குழுவில் மூன்று வயதுப் பிள்ளைகளையும் கலந்து சேர்த்திருந்தால் பாதிப் பேர் அடுத்த ஆண்டும் இருப்பார்கள். போன பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஒருமுறை வந்து போகவும் வழிசெய்யலாம்.

படி 11: பயன் இருக்கிறதா என்று பாருங்கள்

தொடங்கும் முன்பும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஒவ்வொரு முதியவரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பேச்சுத்துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? மற்றவர்களிடமிருந்து விலகிப்போனதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ‘அரிதாக’, ‘சில நேரம்’, ‘அடிக்கடி’ என்ற விடைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என மதிப்பெண் இட்டால் கூட்டுத்தொகை மூன்றிலிருந்து ஒன்பதுக்குள் வரும்; எண் கூடக் கூடத் தனிமையும் கூடுதல் என்று பொருள். தனிமையை அளக்க ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் குறுகிய அளவுகோல் இதுதான். எண்ணோடு கண்ணால் காண்பதையும் எழுதிவையுங்கள்: அன்று காலை யாரும் சொல்லாமலே தலை வாரிக்கொண்டாரா, இன்று என்ன கிழமை என்று கேட்டாரா, இடைநாட்களில் குழந்தையைப் பற்றிப் பக்கத்துக் கட்டிலுக்காரரிடம் பேசினாரா. குழந்தைகள் பக்கத்தில், பெற்றோரிடம் வீட்டில் வந்து என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.

மதிப்பெண் குறையாத முதியவரின் பொறுப்பை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்குக் கொடுத்த வேலை ஒப்புக்கு இருந்திருக்கும். ஏற்பாடு நன்றாக நடக்கத் தொடங்கியதும், எங்கள் பிள்ளையையும் சேருங்கள் என்று பெற்றோரும், எங்களையும் கூப்பிடுங்கள் என்று மற்ற முதியோரும் கேட்பார்கள். அப்போது இருக்கும் குழுவைப் பெரிதாக்காமல், இன்னொரு நாளில் இன்னோர் ஆறு பேரைக் கொண்டு இரண்டாவது குழுவைத் தொடங்குங்கள்.